ஆற்றுக்கு முன்னால் ஒரு குளம்

ஓடுகிற தண்ணீர் கெடாது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது முழுப் பொய்யன்று. ஒரு குடம் சாக்கடை நீரை ஓடும் ஆற்றில் கொட்டிப் பாருங்கள். சிறிது தூரம் சென்றபின் அதன் சுவடே தெரியாது. நிறம் மறைகிறது, நாற்றம் மறைகிறது. ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது.

ஆனால் ஓர் ஊரே தன் சாக்கடையை அந்த ஆற்றில் திருப்பிவிட்டால் என்ன ஆகும்? அப்போதும் ஆறு தாங்குமா? எந்த அளவு வரை தாங்கும்? ஊரும் வாழ வேண்டும், ஆறும் வாழ வேண்டும் என்றால் அதற்கு வழி என்ன?

இந்த வினாக்களுக்கு விடை காணப் பஞ்சாப் மாநிலத்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் நமக்கு உதவும். ஒன்று, ஒரு பெரிய ஆற்றில் மீன்கள் மாண்ட கதை. மற்றொன்று, சாக்கடையாகிவிட்ட ஒரு சிற்றாற்றை மக்கள் மீட்ட கதை. முதலில் மீன்களின் கதையைப் பார்ப்போம்.

இனிப்பு கொன்ற மீன்கள்

2018-ஆம் ஆண்டு மே மாதம். பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்திலுள்ள ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து மொலாசஸ் பெருமளவில் வழிந்து பியாஸ் ஆற்றில் கலந்துவிட்டது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் பிரித்தெடுத்த பின் எஞ்சும் கெட்டியான பாகுதான் மொலாசஸ். ஆற்று நீர் பழுப்பு நிறமாக மாறியது. ஆயிரக்கணக்கான மீன்கள் செத்துக் கரையோரம் ஒதுங்கின.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மொலாசஸ் நஞ்சன்று. மாட்டுத் தீவனத்தில்கூட அதைச் சேர்க்கிறார்கள். அப்படியானால் மீன்கள் ஏன் செத்தன?

மீன்கள் நஞ்சுண்டு சாகவில்லை. மூச்சுத் திணறிச் செத்தன. இது எப்படி என்று தெரிந்துகொண்டால், கழிவுநீர் ஆற்றை எவ்வாறு கொல்கிறது என்பதையும், ஆற்றைக் காக்கும் வழியையும் தெரிந்துகொண்டவர்கள் ஆவீர்கள்.

நீருக்குள் எவ்வளவு ஆக்ஸிஜன்?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். ஒரு லிட்டர் காற்றை எடுத்துக்கொண்டால் அதில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கும். நீரில் வாழும் மீனுக்கு இந்த வசதி இல்லை. நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனையே அது செவுள்களால் பிரித்தெடுக்க வேண்டும். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் காற்றிலிருந்து அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்ஸிஜனைத்தான் கரைத்துக்கொள்ளும். அதாவது, காற்றில் உள்ளதில் முப்பத்தாறில் ஒரு பங்கு. மீன் எத்தனை சிக்கனமாக வாழ வேண்டியிருக்கிறது பாருங்கள்!

நீர் சூடாகச் சூடாக இந்த அளவு இன்னும் குறையும். 20 டிகிரியில் 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும்; 30 டிகிரியில் 7.5 தான். ஆகவே கோடைக் காலம் மீன்களுக்கு நெருக்கடியான காலம். பெரும்பாலான மீன்கள் நலமாக வாழ லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது வேண்டும். அது 2 அல்லது 3 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கும் கீழே போனால் சாகும்.

நுண்ணுயிர்களின் விருந்து

ஆற்று நீரில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. உதிர்ந்த இலை, செத்த பூச்சி, மாட்டுச் சாணம் முதலியவற்றைத் தின்று அவற்றைக் கார்பன்-டை-ஆக்ஸைடாகவும் நீராகவும் உப்புகளாகவும் சிதைப்பது இவற்றின் வேலை. நாம் உணவு உண்டு, மூச்சு விட்டு, ஆற்றல் பெறுகிறோமல்லவா? அதைத்தான் பாக்டீரியாவும் செய்கிறது. அது தின்னும் ஒவ்வொரு கவளத்துக்கும் ஆக்ஸிஜன் தேவை.

ஆறு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்கிறது என்று சொல்வது உண்மையில் இந்தப் பாக்டீரியாக்களின் வேலையைத்தான். இவை பயன்படுத்திய ஆக்ஸிஜனை ஆறு காற்றிலிருந்து மீண்டும் பெற்றுக்கொள்கிறது. பாறைகளில் மோதி, சலசலத்து, நுரைத்து ஓடும்போது விரைவாகப் பெறுகிறது. தேங்கி மெதுவாக நகரும்போது தாமதமாகவே பெறுகிறது. செலவும் வரவும் சமமாக இருக்கும்வரை ஆற்றுக்குத் தீங்கில்லை.

மொலாசஸ் கலந்தபோது நடந்தது என்ன? பாக்டீரியாக்களுக்குத் திடீரென்று பெருவிருந்து கிடைத்தது. நல்ல உணவு கிடைத்தால் சில வகைப் பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்குள் இரு மடங்காகப் பெருகிவிடும். பெருகிய பாக்டீரியாக்கள் எல்லாம் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டன. காற்றிலிருந்து வந்து சேரும் வரவு செலவுக்கு ஈடுகொடுக்கவில்லை. மீன்களுக்கு மூச்சு விட ஒன்றும் மிஞ்சவில்லை.

பியாஸ் ஆற்றில் சிந்து நதி டால்பின்கள் மிகச் சில வாழ்கின்றன. இந்தியாவில் அந்த இனத்துக்கு எஞ்சியிருக்கும் கடைசிப் புகலிடம் இது. டால்பின் நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி. ஆகவே நீரில் ஆக்ஸிஜன் குறைந்தாலும் நேரடியாக மூச்சுத் திணறாது. ஆனால் மீன் இல்லையென்றால் அதற்கு உணவு ஏது? 2019-ஆம் ஆண்டு இந்த டால்பினைப் பஞ்சாப் அரசு மாநில நீர்வாழ் விலங்காக அறிவித்தது. அதைக் காப்பது என்றால் ஆற்று நீரின் ஆக்ஸிஜனைக் காப்பது என்றே பொருள்.

ஒரு சிற்றூர்க் கணக்கு

சாக்கடை நீரும் பாக்டீரியாக்களுக்கு விருந்துதான். அதன் ஆயிரம் பங்கில் 999 பங்கு வெறும் நீர். மீதி ஒரு பங்கில்தான் மலம், சோற்றுப் பருக்கை, எண்ணெய், சோப்பு, மண் எல்லாம் அடக்கம். அந்த ஒரு பங்கே ஆற்றைக் கொல்லப் போதுமானது.

கழிவுநீரிலுள்ள உணவைச் சிதைக்கப் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு ஆக்ஸிஜன் தேவைப்படுகிறதோ, அந்த அளவை ‘உயிரிய ஆக்ஸிஜன் தேவை’ என்று அழைக்கிறார்கள். கழிவுநீரின் கெடுதியை அளக்கும் முழக்கோல் இதுவே. வீடுகளிலிருந்து வரும் சாக்கடை நீரில் இது லிட்டருக்குச் சுமார் 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 20,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் கழிவுநீர் வெளியேற்றுகிறார் என்றால், ஊர் முழுதுக்கும் 20 லட்சம் லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் 250 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கேட்டால், மொத்தம் 500 கிலோகிராம். லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வீதம் இந்த ஆக்ஸிஜன் எவ்வளவு ஆற்று நீரில் இருக்கும்? வகுத்துப் பாருங்கள். 6 கோடியே 67 லட்சம் லிட்டர்!

நொடிக்கு ஆயிரம் லிட்டர் ஓடும் ஒரு சிற்றாறு நாள் முழுதும் கொண்டு வரும் நீரே 8 கோடியே 64 லட்சம் லிட்டர்தான். அந்த ஆற்றின் ஆக்ஸிஜனில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரே ஊர் கேட்கிறது. அடுத்த ஊரும் இப்படியே கேட்டால் ஆறு எங்கே போகும்?

இந்த விருந்து ஒரே இடத்தில் முடிந்துவிடுவதுமில்லை. சாக்கடை கலக்கும் இடத்தில் ஆக்ஸிஜன் சற்றே குறையும். நீர் ஓட ஓடப் பாக்டீரியாக்கள் பெருகி, பல கிலோமீட்டர் தூரம் சென்றபின்தான் அது மிகக் குறைந்த நிலைக்கு வரும். அதன்பின் உணவு தீர்ந்து, காற்றின் வரவு ஓங்கி, மெல்ல மெல்ல மீளும். வரைபடத் தாளில் வரைந்தால் இது தொய்ந்த கயிறு போலத் தோன்றும். அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து, இந்தத் தொய்வைக் கணிதச் சமன்பாடாக 1925-இல் தந்தவர்கள் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்னும் இருவர். இதிலிருந்து நாம் அறிவது, ஓர் ஊரின் சாக்கடையால் பெரிதும் துன்பப்படுவது அவ்வூரன்று. கீழே இருக்கும் அடுத்த ஊர் என்பதாகும்.

செத்த ஆறு உயிர்பெற்ற கதை

இனி இரண்டாவது கதைக்கு வருவோம். பஞ்சாபில் ‘காலி பெயின்’ என்று ஒரு சிற்றாறு உண்டு. ‘காலி’ என்றால் கறுப்பு. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் தோன்றி, ஜலந்தர், கபூர்தலா மாவட்டங்கள் வழியாகச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடி, பியாஸும் சட்லெஜும் கூடும் ஹரிகே அருகில் கலக்கிறது. இதன் கரையில் அமைந்த சிறு நகரம் சுல்தான்பூர் லோதி. சீக்கிய சமயத்தை நிறுவிய குருநானக் இந்த ஊரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். இந்த ஆற்றில் நீராடச் சென்றபோதுதான் அவருக்கு ஞானம் பிறந்தது என்பது சீக்கியரின் நம்பிக்கை. அவர்களுக்கு இது புனித ஆறு.

புனிதம் என்பதனால் ஆறு தப்பிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆறு சிறு நகரங்களும் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களும் தங்கள் கழிவை இதில் கொட்டிக்கொண்டிருந்தன. ஆற்றின் மேல் ஆகாயத்தாமரை படர்ந்து மூடியது. சாக்கடையிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் அதற்கு நல்ல உரம். மூடிய இலைகளுக்கு அடியில் வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. சில இடங்களில் ஆறு வறண்டே போயிற்று.

2000-ஆம் ஆண்டு, பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் சமயத் துறவி தொண்டர்களைத் திரட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். ஆகாயத்தாமரையைக் கையால் பிடுங்கினார்கள், சேற்றை வாரினார்கள், கரைகளைச் செப்பனிட்டு மரம் நட்டார்கள். பியாஸ் நீரைக் கொண்டு செல்லும் முகேரியான் நீர்மின் கால்வாயிலிருந்து ஆற்றுக்கு நீர் விடப்பட்டது. குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் 2006-இல் சுல்தான்பூர் லோதிக்கே வந்து இந்தப் பணியைப் பார்த்துப் பாராட்டினார். 2017-இல் சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆகாயத்தாமரையைப் பிடுங்குவது நோயின் அறிகுறியை நீக்குவதுதான். சாக்கடை வந்துகொண்டே இருந்தால் அடுத்த ஆண்டே அது மறுபடி படரும். ஆகவே ஊர்களின் சாக்கடையை ஆற்றில் விழாமல் திருப்ப வேண்டியிருந்தது. ‘சாக்கடையை இங்கே விடாதே’ என்று சொன்னால் மட்டும் போதாது. ‘வேறெங்கே விடுவது?’ என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும்.

மூன்று கிணறும் ஒரு குளமும்

சீச்சேவால் தம் கிராமத்திலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் கையாண்ட முறை மிக எளியது. வீடுகளின் கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியாக ஊருக்கு வெளியே வருகிறது. அங்கே வரிசையாக மூன்று கிணறுகள். முதல் கிணற்றில் நீரின் வேகம் தணிகிறது; மணலும் கனமான பொருள்களும் அடியில் படிகின்றன. அடுத்த கிணற்றில் எண்ணெயும் நுரையும் மற்ற மிதக்கும் பொருள்களும் மேலே தங்கிவிடுகின்றன. மூன்றாவதில் நீர் மேலும் தெளிந்து குளத்துக்குப் போகிறது. குளத்தில் சில நாட்கள் வெயில்பட்டு நின்றபின் வயல்களுக்கு இறைக்கப்படுகிறது.

இந்தக் குளத்தில் என்ன நடக்கிறது? அங்கேயும் பாக்டீரியாக்களின் அதே விருந்துதான் நடக்கிறது. ஆற்றில் நடக்க வேண்டிய விருந்தை ஆற்றுக்கு முன்னாலேயே, நாம் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் முடித்துவிடுகிறோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு என்பதன் சாரம் இவ்வளவே. உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையமும் இதைத்தான் செய்கிறது.

குளத்துக்கு ஆக்ஸிஜன் தருவது யார்? பாசி! குளத்து நீரைப் பச்சையாக்கும் நுண்ணிய பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன. பாக்டீரியா வெளியிடும் கார்பன்-டை-ஆக்ஸைடைப் பாசி எடுத்துக்கொள்கிறது. பாசி வெளியிடும் ஆக்ஸிஜனைப் பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. இருவரும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி வாழ்கிறார்கள். இதற்கு மின்சாரமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

பொறியாளர்கள் இந்த முறையைச் செம்மைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வகைக் குளங்களை அமைக்கிறார்கள். முதல் குளம் 3 அல்லது 4 மீட்டர் ஆழம். அதில் ஆக்ஸிஜனே இராது. ஆக்ஸிஜன் இன்றி வாழும் பாக்டீரியாக்கள் அடியில் படிந்த மண்டியைச் சிதைத்து மீத்தேன் வாயுவை வெளியிடும். சாண எரிவாயுக் கலத்தில் நடப்பது போன்றதே இதுவும். இரண்டாவது குளம் ஒன்றரை மீட்டர் ஆழம். மேலே பாசியும் வெளிச்சமும், கீழே இருளும் மண்டியும். கழிவின் பெரும்பகுதி இங்கே சிதைகிறது. மூன்றாவது குளம் ஒரு மீட்டரை ஒட்டிய ஆழம். இங்கே வெயில் அடிவரை பாய்கிறது. காலரா, டைஃபாய்டு போன்ற நோய்களைப் பரப்பும் கிருமிகள் இங்கேதான் பெருமளவில் அழிகின்றன. வெயில் ஒரு காரணம். பாசிகள் பகலில் கார்பன்-டை-ஆக்ஸைடை உறிஞ்சிவிடுவதால் நீர் காரத்தன்மை அடைவது மற்றொரு காரணம். பல நாட்கள் அசையாமல் நிற்பதால் புழு முட்டைகளும் அடியில் படிந்துவிடும்.

நம் கணக்கில் வந்த 20,000 பேர் கொண்ட ஊருக்கு எவ்வளவு நிலம் வேண்டும்? நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர், அதாவது 2,000 கன மீட்டர். முதல் குளத்தில் 2 நாள், இரண்டாவதில் 12 நாள், மூன்றாவதில் 6 நாள் நீர் தங்க வேண்டும் என்று கொள்வோம். ஆழம் முறையே 4, 1.5, 1.2 மீட்டர் என்றால், மூன்றுக்கும் சேர்த்து 27,000 சதுர மீட்டர் வரும். ஏறத்தாழ ஏழு ஏக்கர். இது வெப்பமான பகுதிக்கு உரிய கணக்கு. குளிர் மிகுந்த இடங்களில் பாக்டீரியாக்கள் மெதுவாக வேலை செய்யும். நாட்களும் நிலமும் கூடுதலாக வேண்டும்.

இயந்திர வழி

பெருநகரில் ஏழு ஏக்கரல்ல, எழுநூறு ஏக்கர் தேவைப்படும். அங்கே நிலத்துக்கு எங்கே போவது? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். சாக்கடை நீருக்குள் காற்றைக் குமிழிகளாகச் செலுத்தினார்கள். முற்றிலும் தூய்மையாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆயிற்று. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய மண்டியை அப்படியே வைத்துக்கொண்டு புதிய சாக்கடை நீரை ஊற்றினார்கள். இம்முறை நேரம் குறைந்தது. மீண்டும் மீண்டும் இவ்வாறே செய்ய, ஒரு நாளுக்குள்ளேயே வேலை முடிந்தது!

காரணம் எளிது. அந்த மண்டி வெறும் சேறன்று. பசித்த பாக்டீரியாக்களின் பெருங்கூட்டம். தோசை மாவில் கொஞ்சம் பழைய மாவைச் சேர்த்தால் சீக்கிரம் புளிக்கிறதல்லவா? அதுபோலத்தான். இன்று பெருநகரங்களில் இயங்கும் பல சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த அடிப்படையில் அமைந்தவையே.

இந்த முறைக்கு நிலம் குறைவு; ஆனால் இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். காற்றூதும் இயந்திரம் நின்றுவிட்டால் பாக்டீரியாக்கள் மூச்சின்றி மடியும். பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர்களும் வேண்டும். சிற்றூர் ஒன்றில் இந்த இயந்திரத்தை வாங்கி வைப்பது எளிது. நாள்தோறும் ஓட்டுவதுதான் கடினம். சிற்றூருக்கு நகரத்தில் இல்லாத இரண்டு செல்வங்கள் உள்ளன. ஒன்று நிலம், மற்றொன்று அருகிலேயே இருக்கும் வயல்.

ஆற்றுக்கா, வயலுக்கா?

குளத்திலிருந்து வெளிவரும் நீர் தெளிவாக இருந்தாலும் அதில் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள் கணிசமாக எஞ்சியிருக்கும். இந்த நீரை ஆற்றில் விட்டால் பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகும். வயலில் விட்டால் பயிருக்கு உரமாகும். பொருள் ஒன்றே, இடம் மாறினால் கேடும் நன்மையாகிறது.

பஞ்சாபில் நெல் விளைவிக்க ஆழ்குழாய்க் கிணறுகளால் நீரை இறைத்து இறைத்து நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் தாழ்ந்துவருகிறது. வயலுக்குக் குளத்து நீர் கிடைத்தால் அந்த அளவுக்கு மோட்டாருக்கு ஓய்வு. 1993-இல் அறிவிக்கப்பட்ட இந்தியப் பொதுத் தரங்களும் இந்த வேறுபாட்டை ஒப்புக்கொண்டன. ஆறு, ஏரிகளில் விடும் கழிவுநீரின் உயிரிய ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசனத்துக்கு விடும் நீரில் 100 வரை இருக்கலாம் என்றன. மண்ணிலும் பாக்டீரியாக்கள் உண்டு. மண் துகள்களின் இடையே காற்றும் உண்டு. அதனால்தான் மண்ணுக்கு இந்தச் சலுகை.

எனினும் எச்சரிக்கை வேண்டும். கிருமிகள் முற்றிலும் குறையாத நீரைக் கீரை, வெள்ளரி, தக்காளி போலப் பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சக் கூடாது. வயலில் வேலை செய்வோர் செருப்பில்லாமல் இறங்கக் கூடாது. தோல் பதனிடும் தொழிற்சாலை, சாயப்பட்டறை ஆகியவற்றின் கழிவை ஊர்ச் சாக்கடையில் கலக்கவே கூடாது. குரோமியம் போன்ற உலோகங்களைப் பாக்டீரியாவால் சிதைக்க முடியாது. அவை பாக்டீரியாக்களையே கொல்லவும் கூடும்.

மீட்ட ஆறு மீண்டும் கெடுமா?

கெடும். பெயின் ஆற்றில் 2000-க்குப் பின்னரும் ஒரு முறைக்கு மேல் மீன்கள் செத்து மிதந்தன. மேலேயுள்ள ஊர்களிலிருந்து கழிவுநீர் வந்து சேர்ந்ததும், ஆற்றில் நீர்வரத்துக் குறைந்ததும் இதற்குக் காரணங்கள். 160 கிலோமீட்டர் ஆற்றில் ஓர் ஊர் மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. மேலேயுள்ள எல்லா ஊர்களும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நீர்வரத்து ஏன் முக்கியம்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டனில் 1898-இல் அமைக்கப்பட்ட அரசுக் குழு ஒன்று கழிவுநீரைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. 1912-இல் அது ஒரு விதி சொன்னது. சுத்திகரித்த நீரின் ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமாக இருக்கலாம். ஆனால் அதைப் போல் எட்டு மடங்கு நல்ல ஆற்று நீர் அதில் கலக்க வேண்டும் என்றது. நல்ல ஆற்று நீருக்கே 2 மில்லிகிராம் தேவை உண்டு. இப்போது கூட்டுங்கள்: ஒரு பங்குக்கு 20, எட்டுப் பங்குக்கு 16, மொத்தம் 36. ஒன்பது பங்கால் வகுத்தால் 4. இந்த அளவை ஆறு தாங்கும்.

ஆற்று நீர் எட்டுப் பங்கிலிருந்து ஒரு பங்காகக் குறைந்துவிட்டால்? 20-உம் 2-உம் 22. இரண்டால் வகுத்தால் 11. சுத்திகரித்த நீர்கூட வறண்ட ஆற்றுக்குச் சுமையாகிவிடுகிறது! சுத்திகரிக்காத சாக்கடையானால்? எட்டு மடங்கு நீர் கலந்தாலும் ஏறக்குறைய 30 வரும். ஆகவே ஆற்றைக் காக்க இரண்டும் வேண்டும்: கழிவைக் குறைப்பதும் வேண்டும், ஆற்றில் நீர் ஓடுவதும் வேண்டும்.

குளங்களும் தாமாகவே என்றென்றும் வேலை செய்யா. அடியில் மண்டி சேர்ந்துகொண்டே போகும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை வாராவிட்டால் குளத்தின் ஆழம் குறையும். நீர் தங்கும் நாட்கள் குறையும். அரைகுறையாகத் தூய்மையான நீர் வெளியேறும். கிணறுகளில் படிந்த மணலையும் மிதக்கும் எண்ணெயையும் அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி முடித்த நாளில் எல்லாக் குளங்களும் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது ஆண்டில் எப்படி இருக்கிறது என்பதே ஊரின் அக்கறைக்கு அளவுகோல்.

செய்து பாருங்கள்

நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தின்பதை நீங்களே கண்ணால் காணலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் மெதிலீன் நீலம் என்ற சாயம் இருக்கும். ஆக்ஸிஜன் உள்ள நீரில் இது நீலமாக இருக்கும். நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிட்டால் நிறம் இழக்கும். ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் கடையில் கிடைக்கும்.

ஒரே அளவுள்ள, மூடியோடு கூடிய மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் புட்டியில் வெதுவெதுப்பான நீரும் அரைத் தேக்கரண்டி ஈஸ்டும் இடுங்கள். இரண்டாவதில் அதே அளவு நீர், ஈஸ்ட், இவற்றோடு ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சேருங்கள். மூன்றாவதில், ஈஸ்டை நீரில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் சர்க்கரையைச் சேர்த்து ஊற்றுங்கள். மூன்றிலும் ஒரே எண்ணிக்கையில் சில சொட்டு மெதிலீன் நீலம் விடுங்கள். விளிம்புவரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடுங்கள். சாயம் கையிலும் சட்டையிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் புட்டி முதலில் வெளுக்கிறது? எது வெளுக்கவே இல்லை? நேரத்தைக் குறித்து வையுங்கள். வெளுத்த புட்டியைத் திறந்து, கொஞ்சம் நீரைக் கொட்டிவிட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். நீலம் திரும்புகிறதா? இரண்டாவது புட்டி மொலாசஸ் கலந்த பியாஸ் ஆறு. குலுக்கியபோது நடந்தது, பாறையில் மோதி ஓடும் ஆறு காற்றைப் பெறுவது. மூன்றாவது புட்டி நமக்கு என்ன சொல்கிறது என்பதை நீங்களே சிந்தித்து விடை காணுங்கள்.

ஒரு நாள் உங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்று பெரியவர் ஒருவர் துணையோடு தொடர்ந்து சென்று பாருங்கள். சாக்கடை நீரைத் தொட வேண்டாம். கரையில் நின்று பார்த்தால் போதும். அது ஏரியில் விழுகிறதா, வாய்க்காலில் விழுகிறதா, குளத்தில் தங்குகிறதா? விழும் இடத்துக்குக் கீழே ஆகாயத்தாமரை எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது? சுத்திகரிப்பு நிலையம் இருந்தால், அதில் மண்டியைக் கடைசியாக எப்போது வாரினார்கள் என்று அங்கே வேலை செய்பவரைக் கேளுங்கள். நீங்கள் பார்த்ததை ஒரு வரைபடமாக வரைந்து வகுப்பில் மாட்டுங்கள். அந்த வரைபடத்தில் உங்கள் ஊருக்குக் கீழே உள்ள அடுத்த ஊரின் பெயரையும் எழுத மறக்காதீர்கள்.